வைரஸ் மிகுந்தால் நோயும் மிகுமா?

உடலில் கிருமி மிகுந்தால் நோயும் கடுமையாகும் என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். இது சரிதானா? கோவிட் நோயைக் கொண்டு ஆராய்வோம்.

மூக்குச் சளியில் வைரஸ் உள்ளதா என்று பி.சி.ஆர். சோதனை காட்டுகிறது. இதில் வைரஸின் மரபுப்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அது ஒருவருக்கு 20-ஆவது சுற்றிலும் மற்றவருக்கு 30-ஆவது சுற்றிலும் புலப்பட்டால், முதலாமவரின் சளியில் வைரஸ் சுமார் 1,000 மடங்கு மிகுதி எனலாம். பத்து முறை இரட்டித்துப் பாருங்கள், 1,024 வரும்.

அப்படியானால் அவருக்குத்தான் நோய் முற்றுமா? இத்தாலியில் வோ என்னும் சிற்றூரில் 2020-இல் பெரும்பாலான மக்களைச் சோதித்தனர். தொற்றியவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் நோய்க்குறி எதுவும் இல்லை. ஆயினும், அவர்களுக்கும் நோய்க்குறி உடையவர்களுக்கும் வைரஸ் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

காரணம் என்ன? மூக்கில் வைரஸ் உச்சத்தை எட்டுவது நோய்க்குறி தோன்றும் நாட்களில். மூச்சுத்திணறல் வருவதோ பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து. அப்போது மூக்கில் வைரஸ் குறைந்திருக்கும். உடலின் எதிர்ப்பு வரம்பு மீறி, நுரையீரலில் அழற்சி மூண்டிருக்கும். டெக்சாமெதசோன் என்ற மருந்து வைரஸைக் கொல்வதில்லை, அழற்சியைத்தான் தணிக்கிறது. ஆயினும் 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

இரத்தத்திலும் வைரஸின் கூறுகள் பரவியிருந்தால் அது கடுமைக்கு அறிகுறியே. மூக்குச் சளியின் எண் அத்தகையதன்று. ஆகவே, சுற்று எண் 18 என்று கண்டு நடுங்காதீர்கள். 32 என்று கண்டு மூச்சுத்திணறலை அலட்சியம் செய்யாதீர்கள். வயது, நீரிழிவு, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றையே மருத்துவர் முதலில் கவனிப்பார்.