முதலில் விலைபோகும் கிடா

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் கூட்டம் தாங்காது. அருணாசலேஸ்வரரின் ஊரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே குன்றின்மேல் இருப்பவர் சீனிவாசப் பெருமாள், இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது தென்திருப்பதி. ராஜபாளையத்திலும் சுற்றுப்பட்டிலும் பல வீடுகளில் அந்த மாதம் கறி சமைப்பதில்லை. கறிக்கடைக்கு மந்தம். ஆடு வளர்ப்பவருக்கோ, மழைக்குத் துளிர்த்த புல்லில் குட்டிகள் எடை போடும் காலம். ஐப்பசி பிறந்தால் தீபாவளி. கிடைக்கே தேடி வரும் வியாபாரி குட்டிகளின் முதுகை அமுக்கிப் பார்ப்பார், ஒன்றிரண்டைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு விலை கேட்பார். எதைக் கேட்பார் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளில் எது முந்தி வளர்ந்திருக்கிறதோ, அதை.

பக்ரீத்துக்கும் அதே கதை, ஊர்க்கொடைக்கும் அதே கதை. வேகமாக வளர்ந்த கிடா வண்டியேறிவிடுகிறது. யாரும் கேட்காத சவலை கிடையிலேயே தங்கி, அடுத்த பருவத்தில் பெட்டைகளோடு சேர்கிறது. திட்டம் போட்டு யாரும் இதைச் செய்வதில்லை. ஆனாலும் இது ஒரு தேர்வுதான், தலைகீழான தேர்வு. தலைமுறைக்குத் தலைமுறை, மெதுவாக வளர்பவற்றையே தகப்பனாக்குகிறோம். இன மேம்பாடு பற்றிப் பேசும்போது வெளியூர்க் கிடாவையும் கலப்பினத்தையும்தான் முதலில் பேசுகிறார்கள். எனக்கென்னவோ இந்த ஓட்டையை அடைப்பதுதான் முதல் வேலை என்று தோன்றுகிறது.

இந்தக் கரிசலின் சொந்த வெள்ளாடு கன்னி. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் காணப்படும், உயரமான, கறுத்த ஆடு; முகத்தின் இரு புறமும் கோடு இறங்கும். கோடு வெள்ளையாக இருந்தால் பால் கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டி இதற்குச் சாதாரணம். அதுவே இந்த ஆட்டின் பெரிய சொத்து.

கோட்டின் நிறம் போன்ற குணங்களைப் பெரும்பாலும் ஓரிரு மரபணுக்களே ஆள்கின்றன. கண்ணால் பார்த்துப் பொறுக்கினாலே சில தலைமுறையில் கிடை முழுவதையும் ஒரே சாயலாக்கிவிடலாம். எடை அப்படி வசப்படாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு 58,265 மாடுகளை எடுத்துக்கொண்டு, உயரத்தோடு தொடர்புள்ள 163 மரபணுப் பகுதிகளைக் கண்டுபிடித்தது. அவற்றில் கண்ட முக்கிய மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தும் உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 சதவீதத்தைத்தான் விளக்கின. மீதி எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. 'வளர்ச்சி மரபணு' என்று ஒன்றை எடுத்து ஊசியில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண் நல்ல மருந்து.

ஆனால் மரபணுவின் பெயர் தெரியாமலேயே கணக்குப் போடலாம். ஒரு கிடைக்குள் குட்டிகளின் எடையில் தெரியும் வேறுபாட்டில் மரபால் வருவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. வெள்ளாடுகளில் இது பெரும்பாலும் 10 முதல் 40 சதவீதத்துக்குள் அமைகிறது. 25 என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் குட்டிகளின் சராசரி 15 கிலோ. 20 கிலோ எட்டிய ஒன்றைப் பொலிகிடாவாக நிறுத்துகிறோம். கூடுதல் 5 கிலோ. அதில் கால் பங்கு, அதாவது 1.25 கிலோ, மரபின் வரவு. தகப்பன் பிள்ளைக்குக் கொடுப்பது அதிலும் பாதி, ஏறத்தாழ 600 கிராம். அந்தக் கிடாவை விற்றுவிட்டு 12 கிலோச் சவலை நின்றால், குட்டிக்கு 400 கிராம்போல நஷ்டம். இரண்டுக்கும் இடையே ஒரு குட்டிக்கு ஒரு கிலோ. ஒரு கிடாவுக்கு இருபது, முப்பது பெட்டைகள். பெட்டைக்கு இரண்டு குட்டிகள். கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கொழுகொழுவென்று நிற்கும் குட்டி ஒற்றைக் குட்டியாக இருக்கும். பங்குக்கு ஆள் இல்லாமல் தாயின் பாலை முழுசாகக் குடித்திருக்கும். மூன்று மாதம் வரை குட்டியின் எடையில் தாயின் பால் பெரிய அளவில் பேசும். குட்டியின் சொந்த மரபு பிறகுதான் தெளிவாகத் தெரியும். தலையீற்று ஆட்டின் குட்டி சற்று இளைத்திருக்கும். கோடையில் பிறந்தது தீவனக் குறைவால் பின்தங்கும். இதையெல்லாம் பாராமல் ஒற்றைக் குட்டிகளையே வருஷா வருஷம் பொலிக்கு நிறுத்தினால், இரட்டை ஈனும் குணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இரட்டையில் பிறந்து, ஆறு மாதத்தில் ஒற்றைக் குட்டியை எட்டிப் பிடித்த கிடாதான் உண்மையான வளர்ச்சிக்காரன்.

பொறுக்குவதால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சாட்சி பிராய்லர் கோழி. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்ற பேச்சு நம்மூரில் இன்னும் ஓயவில்லை. அந்த எடை வந்தது பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதால். விலையும் உண்டு. கால் தாங்காமல் நொண்டும் கோழிகள், திணறும் இதயங்கள். தாய்க்கோழிகளுக்குத் தீவனத்தை அளந்து போடாவிட்டால் அவை முட்டைக்கே உதவாமல் கொழுத்துவிடும். பெல்ஜியத்தின் நீல மாடு இன்னொரு எல்லை. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணு அதில் பழுதுபட்டிருப்பதை 1997இல் கண்டறிந்தார்கள். தசை மலையாய்த் திரண்ட அந்த மாடுகள் பலவற்றுக்குக் கன்று போட வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கிறது. முள்காட்டில் மேய்ந்து, பல கிலோமீட்டர் நடந்து வரும் கன்னிக்கு அந்த உடம்பு வேண்டாம்.

ஒன்றை மட்டும் பார்த்துப் பொறுக்கினால் இன்னொன்று கூடவே வரும் என்பதை ராஜபாளையத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005இல் தபால்தலையேறிய ராஜபாளையம் நாய்க்கு வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். செவிட்டுக் குட்டிகளும் பிறந்தன. நிறமிச் செல்கள் உட்செவிக்கும் தேவை. தோலில் இல்லாமல் போவது சில குட்டிகளுக்குக் காதிலும் இல்லாமல் போகிறது.

கிடைக்குத் திரும்புவோம். செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. காதில் எண், ஈன்ற தேதி, ஒற்றையா இரட்டையா, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் தராசு. அதே பருவத்தில், அதே வகையில் பிறந்தவற்றோடு ஒப்பிட்டு முன்னால் நிற்பவற்றில் ஒன்றிரண்டை ஒதுக்கிவைத்து, மற்றவற்றை விற்கலாம். மிஞ்சிய சவலைகளுக்குக் காயடித்துவிட்டால் அவை திருட்டுத்தனமாகத் தகப்பனாகாது. ஒதுக்கிய கிடாவும் தன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் அடுத்த ஊர்க் கிடைக்கு மாற வேண்டும். இல்லாவிட்டால் நெருங்கிய ரத்தம் கலந்து, ஏற்றிய எடையே இறங்கும்.

சிக்கல் வேறிடத்தில். தீபாவளிக்கு முதல் விலை கேட்கப்படும் கிடாவை நிறுத்திவைப்பவருக்கு அந்த வாரமே கைக்காசு போகிறது. பலனோ ஒரே மேய்ச்சலில் கலந்து நிற்கும் பக்கத்துக் கிடைக்காரருக்கும் சேர்ந்து போகிறது. பள்ளிக் கட்டணமும் விதைக்கடனும் ஐப்பசியில்தான் கழுத்தைப் பிடிக்கின்றன. இனவிருத்தித் திட்டங்கள் வெளியூரிலிருந்து கிடா வாங்கக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, ஊரின் நல்ல கிடாவைச் சந்தை விலைக்கே வாங்கி அதே ஊரில் நிறுத்துவதற்குக் கொடுக்கலாம். வியாபாரி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பணம் வந்தாக வேண்டும்.