களவுக்கு ஸ்டேஷன், செக்குக்குக் கோர்ட்

கடையில் களவு போனாலும், வாங்கிய செக் திரும்பினாலும் நம் வியாபாரிகள் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. வாரண்ட் இல்லாமலே போலீசார் கைது செய்யக்கூடிய குற்றங்கள் ஒரு வகை. மாஜிஸ்திரேட் உத்தரவின்றி விசாரிக்க முடியாதவை மற்றொரு வகை.

கடை, குடோன் திருட்டு முதல் வகை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 305-ஆம் பிரிவுப்படி 7 ஆண்டு வரை சிறை. கடை வேலையாளே எடுத்தால் 306-ஆம் பிரிவு. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள்.

செக் விஷயம் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வருகிறது. புகாரைக் கோர்ட்டில்தான் கொடுக்கவேண்டும். பேங்கிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் பெற்றவருக்கு 15 நாள் அவகாசம். அப்போதும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. "நாளை தருகிறேன், திங்கட்கிழமை தருகிறேன்" என்று பார்ட்டி இழுப்பது பெரும்பாலும் அந்த 30 நாளைக் கடத்தத்தான். முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள், பிறகு பேசுங்கள். வழக்கு நடக்கும்போதுகூட சமரசத்துக்கு இடமுண்டு.

நோட்டில் நிற்கும் வெறும் கடன் பாக்கியோ, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தாலொழிய, குற்றமே அல்ல. அதற்கு சிவில் கோர்ட். பொதுவாக 3 ஆண்டுக்குள் போகவேண்டும்.