பழ ஈக்களின் துணைத் தேர்வு

கனிந்த வாழைக்குலை தொங்கும் வீட்டிலே அழைப்பின்றி வந்து மொய்ப்பன பழ ஈக்கள். கையால் வீசி விரட்டுவாரன்றி அவற்றை உற்று நோக்குவார் மிகச் சிலர். ஆயினும், நூறாண்டுக்கு மேலாக உயிரியல் அறிஞர் இச்சிற்றுயிரிடம் பாடங் கேட்டு வருகின்றனர். தமிழாசிரியராகிய யாம் இத்துறையில் மாணாக்கரே. எனினும், கற்றறிந்த சிலவற்றை நம் மொழியில் எடுத்துரைத்தல் மாணவர்க்குப் பயன்படும் என்னுந் துணிவால் இதனை எழுதலானோம்.

உயிர் பிழைத்தற்கு உதவும் இயல்புகளை இயற்கைத் தேர்வு பேணும். ஆண் மயிலின் தோகையோ பிழைத்தற்கு இடையூறு போலத் தோன்றுவது. பெண் மயிலின் விருப்பமே அதனை வளர்த்தது என்று சாள்ஸ் டார்வின் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். இதுவே இலிங்கத் தேர்வு எனப்படும். ஈண்டு ஒரு வினா எழுகின்றது. பெண்கள் எக்காலத்தும் ஒரு வகை ஆணையே விரும்பின், ஏனைய வகைகள் சில தலைமுறைகளில் அருகி அழிதல் வேண்டும். அங்ஙனமாகாது ஓரினத்துள்ளே பல வகைகள் நிலைபெற்றிருத்தல் எவ்வாறு?

விடையின் ஒரு பகுதியைப் பழ ஈ தந்தது. ஆண் ஈ பெண்ணைத் தொடர்ந்து சென்று, முன்காலால் தட்டி, ஒரு சிறகை விரித்து அதிரச் செய்யும். பெண் இணங்கலாம், விலக்கவும் செய்யலாம். மஞ்சள் உடல் விகாரமுடைய ஆண்களின் சிறகதிர்வு குறைபாடுடையதாதலின், அவை துணை பெறுதலிற் பின்தங்குகின்றன என மாகரெட் பாஸ்டொக் 1956இல் காட்டினார்.

எனினும், ஆணின் வெற்றி அதன் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. விகாரமுற்ற ஆண்களின் வெற்றி, கூட்டத்தில் அவை எத்துணைப் பங்கினவாயுள்ளன என்பதற்கேற்ப மாறுகின்றது எனப் பிரான்சிய அறிஞர் குளோதீன் பெத்தி 1951 முதலாக எடுத்துக்காட்டினார். தொப்சான்ஸ்கியின் மாணவியாகிய லீ ஏர்மன் என்பார், 1960களில், வேறோர் இனப் பழ ஈயின் இரு வகைகளை ஒரு சிறிய அறையுள் விட்டு, கூடும் இணைகளை நேரிற் கண்டு எண்ணினார். இரு வகையும் சம எண்ணிக்கையினவாயின் வெற்றியும் ஏறத்தாழச் சமமாயிருந்தது. ஒரு வகை அரிதாயின், அவ்வகை ஆண்கள் தம் பங்கினும் மிகுதியாகத் துணை பெற்றன. பெண்களிடத்து இவ்விளைவு காணப்படவில்லை.

ஓர் உதாரணம் கூறுவோம். 25 ஆண்களுள் 5 அரிய வகையின என்க. 100 இணைவுகளில் 20 அவற்றுக்குரிய பங்காகும். 30 கிடைப்பின் அரியவை மிகுந்த வழித்தோன்றல்களை விட்டுச் செல்லும்; அடுத்த தலைமுறையில் அவற்றின் தொகை பெருகும். பெருகவே அருமை நீங்கும். அருமை நீங்கவே வாய்ப்பும் நீங்கும். இவ்வாறு எவ்வகையும் முற்றாக அழியாமலும் ஏனையவற்றை முற்றாக வெல்லாமலும் நிற்றல் கூடும்.

இவ்வளவில் கதை முடிந்திலது. 1980ஆம் ஆண்டில் வீட்டு ஈக்களை ஆராய்ந்தோர், அடையாளத்தின் பொருட்டுச் சிறகு நுனியைக் கத்தரித்தலே இத்தகைய விளைவைத் தோற்றுவிக்கக்கூடும் எனக் கண்டனர். பழ ஈ ஆராய்ச்சிகளிலும் அம்முறை வழங்கியமையால், முன்னைய முடிவுகள் சிலவற்றின்மேல் ஐயம் எழுந்தது. மாணவர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. ஆராய்வோன் கையிலுள்ள கத்தரிக்கோலும் ஆராய்ச்சிக்கு உட்பட்டதே. தான் கண்டது இயற்கையின் செயலா, தன் கைச்செயலா என வினவாதவன் விஞ்ஞானியாகான்.

ஐயத்தினால் ஆராய்ச்சி தளர்ந்துவிடவில்லை. திரினிடாட் தீவின் ஓடைகளில் இயல்பாக வாழும் கப்பி மீன்களில், அரிய நிறக்கோலமுடைய ஆண்கள் மிகுந்த வெற்றி பெறுகின்றன என்பது 2013இல் வெளியான ஆய்வினால் அறியப்பட்டது.

ஈயின் வழக்கை மனிதர் வாழ்வுக்கு அளவுகோலாக்குதல் தகாது. ஆயினும், பல வகைகள் உடனுறைதல் ஓரினத்தின் சேமநிதி என்பதை மறத்தலும் தகாது. காலம் மாறும்போது, இன்று அரிதாயிருப்பது நாளை இனத்தைக் காப்பதாகலாம். இம்மலரைப் படிக்கும் மாணவருள் ஒருவரேனும், இனி வாழைக்குலையை மொய்க்கும் ஈயை விரட்டுமுன் சற்றே நின்று நோக்குவாராயின், யாம் எழுதியதன் பயனைப் பெற்றோமாவோம்.