கொல்லையில 'பீப்' சத்தமா? கொஞ்சம் நில்லுங்க பாஸ்!

உங்க வீட்டுக் கொல்லையில ராஜராஜ சோழன் காசு கிடக்குமா? தஞ்சாவூர்ப் பக்கம்னா சான்ஸ் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்! ஒரு பக்கம் நிற்கிற மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. இந்தச் செப்புக்காசைத் தேடித்தான் நாங்க நாலு பேர் கிளம்பினோம்.

கையில் இருந்தது எங்க மினி ப்ராஜெக்ட். 555 ஐ.சி., செப்புக் கம்பிச் சுருள், குட்டி ஸ்பீக்கர்... மெட்டல் டிடெக்டர் ரெடி! மேட்டர் சிம்பிள். சுருளில் மாறுமின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம். பக்கத்தில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி அந்தப் புலத்தைக் கலைக்கும். ஸ்பீக்கரில் சுருதி மாறும். ஆனா அது ஆணியா, அரசர் காசான்னு எங்க டப்பாவுக்குத் தெரியாது.

திருவையாறு பக்கம், நண்பன் வீட்டுக் கொல்லை. வாழைக்கும் கிணற்றடிக்கும் நடுவே ஒரு பகல் முழுக்கத் தடவினோம். கிடைத்தவை: துருப்பிடித்த அரிவாள் துண்டு, ஏகப்பட்ட சோடா மூடி, கடைசியா ஒரு ஓட்டைக் காலணா. 1943லிருந்து 1947 வரை அடித்த காசு அது. சோழன் எங்கே, இது எங்கே!

யோசிச்சுப் பார்த்தா காரணம் புரியுது. எங்க மெஷினுக்கு நாலு விரக்கடை ஆழம்தான் எட்டும். காவிரியோ நூற்றாண்டுக் கணக்கா வண்டலைக் கொண்டுவந்து கொட்டிய ஆறு. அதனால நம்ம பக்கம் புதையல் மெஷினில் சிக்குவதைவிட மண்வெட்டியில் சிக்குவதுதான் அதிகம். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது வந்தது ஒரு பாத்திரம். உள்ளே 505 தங்கக் காசுகள், 1,716 கிராம்! அப்படியே அதிகாரிகள் கைக்குப் போச்சு.

எல்லாக் கதையும் அப்படி முடியலை. 1976ல், அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது 'டங்'குனு சத்தம். சோழர் கால நடராஜர்! அவர் யாரிடமும் புகார் கொடுக்கலை, சிலை வியாபாரிகளிடம் போனது. 1982ல் லண்டனில் ஒரு கனடா நிறுவனம் அதற்குக் கொடுத்த விலை 2,50,000 பவுண்ட். தோண்டியவருக்குக் கிடைத்ததோ சொற்பம். வழக்கு நடத்தி 1991ல்தான் நடராஜர் ஊர் திரும்பினார்.

இதற்கு நேர் எதிரா ஒரு இங்கிலாந்துக் கதை. 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலை டிடெக்டர் வைத்துத் தேடினார். வந்தது ரோமானியக் காசு! கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்திட்டுத் தகவல் சொன்னார். தொல்லியல் ஆட்கள் முறைப்படி எடுத்ததால், எந்தப் பொருள் எந்தப் பொருளோட இருந்துச்சு, எந்தப் பெட்டியில் இருந்துச்சுன்னு வரைக்கும் தெரிஞ்சது. சுமார் 15,000 காசுகள். பரிசு 17.5 லட்சம் பவுண்ட், அந்த நண்பரோட பங்கு. சுத்தியலும் கிடைச்சுது, இப்போ பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு!

நம்ம ஊரிலும் சட்டம் இருக்கு பாஸ். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறும்னா கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். மறைத்தால் பங்கும் போச்சு, ஓராண்டு வரை ஜெயிலும் கிடைக்கலாம். சொன்னால்? உரிமை கோர யாரும் இல்லை, வேறு ஒப்பந்தமும் இல்லைன்னா கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். பத்தூர்க்காரருக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஒண்ணு: கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க. பச்சைப் பாசியோட எழுத்தும் போயிடும்.

எங்க ஓட்டைக் காலணா? நண்பனோட அப்பாயி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாங்க. "இதைப் புள்ளைங்க அரைஞாண்ல கோத்து விடுவோம்டா. உங்கப்பன் தொலைச்சதுதான் இது" என்று முந்தியில் முடிஞ்சுக்கிட்டாங்க. "கலெக்டர் கேட்டா?" என்றான் நண்பன்.

"என் காசுன்னு சொல்லு!"