மெழுகுவர்த்தியும் குப்பி லாம்பும்

2016இல் பென்குயின் நிறுவனம் லண்டனில் ஒரு சின்னப் புத்தகத்தை வெளியிட்டது. எழுதியவர் மைக் விக்கிங். கோபன்ஹேகனில் மகிழ்ச்சியைப் பற்றியே ஆராயும் ஒரு நிறுவனத்தின் தலைவர். பொருள், 'ஹூகே' என்ற டேனிஷ் சொல். மனசுக்கு நெருங்கினவர்களோடு, மங்கிய வெளிச்சத்தில், அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சுகத்துக்கு அங்கே அப்படிப் பெயர். புத்தகம் பல நாடுகளில் நன்றாக விற்றது. மறு வருடமே ஸ்வீடன்காரர்களின் 'லாகோம்' கடைக்கு வந்தது: கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், அளவாகப் போதும்.

இந்த நூல்களை அட்டையை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். கைக்கு அடக்கமான அளவு, கெட்டி அட்டை, இரண்டு மூன்று நிறம், நிறைய வெற்றிடம். நடுவில் ஒரு கோப்பை, ஓர் இலை, ஒரு மெழுகுவர்த்தி. கையால் வரைந்ததுபோல எளிய கோடு.

தமிழ் வாசகருக்கு வட ஐரோப்பா புதிதல்ல. ஸெல்மா லாகர்லெவின் 'மதகுரு', க்னுட் ஹாம்சனின் 'நிலவளம்', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி' மூன்றையும் எழுத்தாளர் க.நா.சு. எப்போதோ தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். மூவருமே நோபல் பரிசு பெற்றவர்கள்: 1909, 1920, 1951. வெற்றிடம் விட்ட அட்டையும் நமக்குப் புதிதல்ல. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் அட்டையில் கூச்சல் போடாமலே நூல்களுக்கு ஒரு முகம் கொடுத்தது. ஓவியர் ஆதிமூலம் தமிழ் எழுத்தையே ஓவியமாக்கி, தலைப்பு மட்டும் போதும் என்று காட்டினார். இன்று இலங்கைக் கவிஞர் றஷ்மி நூல்களுக்கு அட்டையும் வடிவமைக்கிறார்.

சரி, ஹூகே, லாகோம் வகையறாவைத் தமிழில் ஒரு வரிசையாகப் போட்டு, இலங்கையில் பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் வீதியில் உள்ள கஹவத்தையில் ஒருவர் கையில் கொடுத்தால்? தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்களின் ஊர் அது. சிக்கல் முதல் அட்டையிலேயே தொடங்கிவிடும்.

டேனிஷ்காரர் ஒருவர் வருடத்துக்குச் சுமார் ஆறு கிலோ மெழுகுவர்த்தி எரிப்பதாக விக்கிங் எழுதுகிறார். காரணம் இருக்கிறது, டிசம்பரில் கோபன்ஹேகனில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கஹவத்தையில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் இருட்டும். அங்கே மெழுகுவர்த்தி என்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கும் முந்திய தலைமுறைக்கு, மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பும் புகை படிந்த சுவரும் ஞாபகம் வரும்.

சின்ன வீடும் அப்படித்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவை அழகான கோட்டில் வரைந்து 'இதமான சிறு கூடு' என்று அட்டையில் போட்டால், அதில் பிறந்து வளர்ந்தவர் என்ன நினைப்பார்? நோர்வேக்காரர்கள் திறந்த வெளி வாழ்க்கையை 'ஃப்ரீலுஃப்ட்ஸ்லீவ்' என்று கொண்டாடுகிறார்கள். 1859இல் இப்சன் கவிதையில் வந்த சொல் அது. இரத்தினபுரி மாவட்டத்து மழையில், இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து எடுப்பவருக்குத் திறந்த வெளி ஓய்வல்ல, நாள் சம்பளத்துக்குப் பேர் விழ வேண்டிய வேலைத்தளம். தவிர, அந்தத் தலைப்பை இத்துனூண்டு அட்டையில் ஒரே வரியில் அடக்க எந்த எழுத்துருவாலும் முடியாது!

இடம் மாறினாலும் கெடாத சொல் 'ஃபீகா'. ஸ்வீடன் நாட்டில் காப்பியும் பலகாரமுமாக வேலைக்கு நடுவே ஆறுகிற நேரம். 'கஃபி' என்ற பழைய சொல்லைப் புரட்டிப் போட்டுப் பிறந்ததாம். தோட்டத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை: சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, நேற்றைய ரொட்டி. அட்டைக்கு அந்த உள்ளங்கை ஒன்றே போதும்.

ஆக, வடக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொருள்களையல்ல, கைப்பழக்கத்தை. ஓர் அட்டைக்கு ஒரு பொருள், வரிசை முழுவதற்கும் ஒரே எழுத்துரு, முதுகில் தலைப்பு ஒரே உயரத்தில், பளபளப்பில்லாத தாள். சில நூறு படிகளே அச்சாகும் நூலுக்கு, இரண்டு நிறத்தோடு நின்றால் செலவும் கட்டுப்படும். மலையக நூல்களின் அட்டையில் நாம் பார்த்துப் பழகிய படத்தை, பச்சைச் சரிவில் கூடையோடு நிற்கும் பெண்ணை, இந்த ஒரு தடவை விட்டுவிடலாம். 'லாகோம்' அட்டைக்கு மட்டக்கம்பு பொருந்தும். தேயிலைச் செடியின் மட்டத்துக்கு மேல் கிடத்தி, எதைக் கிள்ளலாம், எதை விடலாம் என்று அளவு பார்க்கும் அதே கம்பு.

'ஹூகே' அட்டைக்கு விளக்கே வேண்டாம். வேலை முடிந்த அந்தி. லயத்து இஸ்தோப்புப் படியில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக மூன்று பெண்கள். முன்னால் இருப்பவள் தலையைப் பின்னால் இருப்பவள் வாருகிறாள். முகம் தெரியவேண்டியதில்லை. கறுப்பில் மூன்று கூந்தல், மஞ்சளில் ஒரு சீப்பு, மீதியெல்லாம் வெறுந்தாள்.