ஆய்வுக் குறிப்புகளும் கணிப்பொறியும்

மக்கள் வாழ்வை அறிவதற்கு இரு வழிகள் உள. எண்ணி அறிவது ஒன்று. கேட்டு அறிவது மற்றொன்று. ஓர் ஊரில் வீடுகள் எத்தனை, அவற்றுள் ஓட்டு வீடுகள் எத்தனை, குடும்பத்தின் வருமானம் யாது என்பனவற்றை எண்களால் கூறிவிடலாம். ஆனால், அவ்வூரார் கடன்படுவதை எவ்வாறு கருதுகின்றனர், பெண்ணை வேலைக்கு அனுப்புவதில் அவர்களுக்குள்ள தயக்கம் யாது என்னும் வினாக்களுக்கு எண்கள் விடை தாரா. அவர்களைப் பேசச் செய்து, பேசியதைப் பேசியவாறே எழுதிக்கொண்டு, பன்முறை படித்துப் பொருள் காணவேண்டும். இதனையே பண்புசார் ஆய்வு என்கிறோம்.

பெங்களூரில் 2016ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை நோக்குவோம். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கைத் தொழிலாளி 58 வயதுக்கு முன்னர் எடுக்க இயலாதவாறு அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு விதி வகுக்கப்பட்டது. ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்களில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்து மறியல் செய்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 19ஆம் தேதியே அரசு அவ்விதியைக் கைவிட்டது. கணக்கேட்டில் அப்பணம் ஒரு தொகை மட்டுமே. அதைச் சேர்த்த பெண்ணுக்கு அது மகளின் படிப்பாக இருக்கலாம்; அடகில் உள்ள நகையாக இருக்கலாம்; வேலையை விட்டு நிற்கும் நாளில் கைகொடுக்கும் துணையாகவும் இருக்கலாம். இன்னது என்பதை அவளைக் கேட்டே அறிதல் கூடும்.

கேட்பது எளிது, கேட்டதை ஆள்வதே அரிது. முப்பது பேரிடம் ஒவ்வொரு மணி நேரம் உரையாடி, அதனை எழுத்துப்படியாக்கினால் சில நூறு பக்கங்கள் சேர்ந்துவிடும். அவற்றுள் ஒருவர் மூன்றாம் பக்கத்தில் கூறியதும், மற்றொருவர் நானூறாம் பக்கத்தில் கூறியதும் ஒரே கருத்தைத் தொடுவனவாக இருக்கும். இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது எவ்வாறு?

முன்னாளில் ஆய்வாளர்கள் இப்பணியைக் கத்தரிக்கோலும் அட்டையும் கொண்டு செய்தனர். எழுத்துப்படியைப் பகுதி பகுதியாக வெட்டி, ‘கடன்’, ‘திருமணம்’, ‘பூசல்’ எனத் தலைப்பிட்ட உறைகளில் இட்டு வைப்பர். ஒரே வாக்கியம் கடனையும் திருமணத்தையும் ஒருங்கே பேசுமாயின், இரு உறைகளிலும் ஒவ்வொரு படி வைத்தல் வேண்டும். உறையிலிருந்து எடுத்த துண்டு யார் கூறியது, எந்தக் கேள்விக்கு விடையாகக் கூறியது என்பது புலப்படாமற் போவதும் உண்டு.

இவ்வுழைப்பின் அருமையையும் அதற்கு நேரக்கூடிய ஆபத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டு அறிஞர் வாழ்வில் உண்டு. மைசூரில் 1916ஆம் ஆண்டு பிறந்த பேராசிரியர் எம். என். சீனிவாஸ், 1948இல் மைசூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் தங்கி, அம்மக்களின் வாழ்வை நேரிற் கண்டு குறிப்பெடுத்தார். 1952இல் மீண்டும் அங்குச் சென்றார். அவ்வூருக்குத் தம் நூலில் அவர் இட்ட பெயர் ராம்புரா. குறிப்புகளை வகைப்படுத்திச் செப்பம் செய்யும் பணி பதினெட்டு ஆண்டுகள் நீண்டது. 1970இல் அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு ஆய்வு மையம் ஒன்றில் அமர்ந்து நூலை எழுத முனைந்திருந்தபோது, ஏப்ரல் 24ஆம் நாள் அம்மையத்துக்குச் சிலர் தீயிட்டனர். வகைப்படுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் அவர் அறையிலேயே இருந்தன, மூன்றும் தீக்கிரையாயின. களத்தில் எழுதிய மூல நாட்குறிப்புகள் தில்லியில் இருந்தமையால் தப்பின.

சால் டாக்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர், நினைவிலிருந்தே நூலை எழுதுமாறு அவரை ஊக்கினார். சீனிவாஸ் 1972இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்துக்கு வந்து பணியாற்றினார். 1976இல் ‘நினைவில் நின்ற ஊர்’ என்று பொருள்படும் பெயருடன் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. எத்தனை படிகள் எடுத்தாலும், அனைத்தையும் ஓரிடத்தில் வைத்தால் அவை ஒரு படிக்கே சமம் என்பது ஒன்று. பொருள் காணும் பணி அட்டையில் நிகழ்வதன்று, ஆய்வாளர் உள்ளத்தில் நிகழ்வது என்பது மற்றொன்று. பதினெட்டு ஆண்டுகள் பகுத்துப் பகுத்துப் படித்தமையாலேயே அவ்வூர் அவர் நினைவில் நின்றது எனக் கொள்வது பொருந்தும். எனினும், நினைவிலிருந்து எழுதியதைப் பிறர் சரிபார்த்தல் அரிது. ‘இதை யார் சொன்னார், எங்கே சொன்னார்?’ என்று கேட்பவருக்கு ஏட்டைத் திறந்து காட்டும் வசதி ஆய்வுக்கு வேண்டும். கணிப்பொறி நமக்கு அளிக்கும் உதவி இவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்னில், லா டிரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் என்னும் தம்பதியர் 1981ஆம் ஆண்டளவில் இதற்கென ஒரு மென்பொருளை ஆக்கத் தொடங்கினர். மனைவி சமூகவியலார், கணவர் கணிப்பொறி இயலார். அதன் வழித்தோன்றலே 1999இல் வெளிவந்த ‘என்விவோ’. ஜெர்மனியில் உடோ குக்கார்ட்ஸ் 1989இல் உருவாக்கிய மென்பொருள் இன்று ‘மேக்ஸ்கியூடிஏ’ எனப்படுகிறது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டத்திலிருந்து ‘அட்லஸ் டிஐ’ பிறந்தது. இவை விலைக்குரியன. ‘டாகெட்’, ‘க்வால்கோடர்’ ஆகியவை விலையின்றிக் கிடைப்பன. பெயர்கள் பலவாயினும் இவற்றின் அடிப்படைச் செயல் ஒன்றே.

அச்செயலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆடைத் தொழிற்சாலைப் பெண்களிடம் பேசிய உரையாடல்களை ஒரு மாணவி கணிப்பொறியில் ஏற்றுகிறாள் என்று கொள்வோம். ஒருத்தி, ‘சம்பளம் வந்த அன்றே வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், கஷ்டம்தான்’ என்கிறாள். மாணவி அவ்வரியைத் தேர்ந்து ‘கடன்’ என்னும் குறியீட்டை அதன்மேல் இடுகிறாள். மூலத்திலிருந்து எதையும் வெட்டவில்லை. அவ்வரி தன்னிடத்திலேயே இருக்கிறது. பின்னர் ‘கடன்’ என்பதைத் தொட்டால், அக்குறியீடு பெற்ற பகுதிகள் அனைத்தும் வரிசையாகத் திரையில் தோன்றும். அவற்றுள் எதைத் தொட்டாலும், உரையாடலில் அது நின்ற இடத்துக்கே கணிப்பொறி நம்மை அழைத்துச் செல்லும். ஒரே வரிக்கு இரண்டு மூன்று குறியீடுகள் இடுவதற்கும் தடையில்லை. திருமணமானவர்கள் கடனைப்பற்றிக் கூறியவற்றை மட்டும் காட்டு என்றாலும், அவ்விவரத்தை முன்னரே பதிந்திருந்தால், காட்டிவிடும்.

‘கஷ்டம்’ என்னும் சொல்லைச் சற்று ஆராய்வோம். பெங்களூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுவோர் யாவரும் இச்சொல்லை ஆள்கின்றனர். மாணவி முதலில் ‘கஷ்டம்’ என்றே ஒரு குறியீடு இடுகிறாள். பத்து உரையாடல்கள் கடந்தபின் அவற்றைத் திரட்டிப் படித்தால், ஒருத்திக்குக் கஷ்டம் என்பது பசி. ஒருத்திக்கு இடுப்பு வலி. வேறொருத்திக்கு மேற்பார்வையாளரின் வசைமொழி. ஆகவே அக்குறியீட்டை மூன்றாகப் பிரிக்கிறாள். ஏன் பிரித்தாள், எது எதனுள் அடங்கும் என்பதைக் குறிப்பாக எழுதி அங்கேயே இணைத்து வைக்கிறாள். கணிப்பொறி செய்தது திரட்டித் தந்தது. பசியும் வசையும் வேறு என்று கண்டது அவளுடைய அறிவு. இவ்வாறு கூற்றுகளிலிருந்தே கருத்தை வளர்த்தெடுக்கும் முறையை, அமெரிக்க அறிஞர்களான கிளேசரும் ஸ்டிராஸும் 1967இல் ஒரு நூலாக வகுத்துரைத்தனர். அப்போது இம்மென்பொருள்களுள் ஒன்றும் பிறக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது.

தமிழில் பணியாற்றுவோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நம் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுவன. ‘வீடு’ என்று தேடச் சொன்னால், ‘வீட்டில்’, ‘வீட்டை’ என்பனவற்றைக் கணிப்பொறி காணாமல் விட்டுவிடும். ‘கடன்’ என்று தேடினாலோ, ‘கடனை’ என்பது அகப்படாது போகும். ஏனெனில் ‘ன்’ என்பதன் புள்ளி ‘னை’ என்பதில் இல்லை. ஆதலின் ‘வீட’, ‘கடன’ என்று இறுதிக் குறியை நீக்கித் தேடுவது பெரும்பாலும் பயன் தரும். சொற்களை எண்ணிப் பட்டியலிடும் வசதியும் இக்காரணத்தால் தமிழில் நம்மை ஏமாற்றக்கூடும். பழைய எழுத்துரு முறைகளில் தட்டெழுதிய படிகளை முதலில் யூனிகோட் முறைக்கு மாற்றிக்கொள்ளுதலும் இன்றியமையாதது.

எண்ணிக்கையைப்பற்றி மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. ‘கடன்’ என்னும் குறியீடு நாற்பது இடங்களில் உள்ளது, ‘அவமதிப்பு’ மூன்றே இடங்களில் உள்ளது என்று திரை காட்டலாம். அதனால் அவமதிப்பு சிறிய செய்தி என்று முடிவு கட்டுதல் தவறு. மக்கள் எளிதிற் பேசத் துணியாதவை குறைவாகவே பேசப்படும். மூன்று முறை கூறப்பட்டதே ஆய்வின் உயிர்நாடியாக இருத்தலும் கூடும்.

அண்மை ஆண்டுகளில் இம்மென்பொருள்கள் சில, குறியீடுகளைத் தாமே முன்மொழியும் ஆற்றலும் பெற்றுள்ளன. நொடியில் பட்டியல் வந்து நிற்கிறது. இதனைப் பயன்படுத்துமுன் இரண்டு வினாக்களை எழுப்புதல் நன்று. நம்மை நம்பிப் பேசிய பெண்ணின் சொற்கள் நம் கணிப்பொறியை விட்டு எங்கே செல்கின்றன? அவளிடம் அதற்கு இசைவு பெற்றோமா? மேலும், தான் படியாத பக்கங்களுக்குப் பிறர் இட்ட தலைப்பைக் கொண்டு எழுதுபவர், கேள்வி எழும்போது விடை கூற இயலாது.

இக்கருவியைக் கற்க விரும்புவோர்க்கு நாம் கூறும் முறை இது. முதலில் இரண்டு உரையாடல்களைத் தாளில் வைத்துப் பென்சிலால் குறியீடு இட்டுப் பழகுக. பின்னர் விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றில் அவற்றையே ஏற்றி, குறியீடு இடல், திரட்டல், பிரித்தல், குறிப்பெழுதல் ஆகிய நான்கையும் கற்றுக்கொள்க. தொடக்கத்திலேயே நூறு குறியீடுகளைப் பெருக்கிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுக. நண்பர் ஒருவரை அதே உரையாடலுக்குத் தனியே குறியீடு இடச் செய்து ஒப்பிடுக. இருவரும் வேறுபடும் இடத்திலேதான் சிந்தனைக்கு உணவு கிடைக்கும். பேசியவரின் பெயரையும் ஊரையும் ஏற்றுமுன் மாற்றிவிடுக. நாள்தோறும் ஒரு படியை வேறோர் இடத்தில் சேமித்து வைக்க மறவாதிருக்க.

அட்டைப் பெட்டியானாலும் கணிப்பொறியானாலும், அதனுள் இருப்பது பிறர் நம்மிடம் ஒப்படைத்த வாழ்க்கை. உழைக்கும் பெண் ஒருத்தி, தன் ஓய்வு நேரத்தில் ஒரு மணியை நமக்காகக் கொடுத்துப் பேசுகிறாள். அவள் சொன்னதை இழக்காமலும், திரிக்காமலும், கேட்பவர்க்கு மூலத்தைக் காட்டத்தக்க முறையிலும் காத்தல் நம் கடமை. காப்பதற்குக் கருவி துணை செய்யும். அவள் கூறியதன் பொருளை அறிய, மீண்டும் மீண்டும் நாமே படித்தல் வேண்டும்.