நோ போனதும் குளிசையை விடலாமா?

காலையில் எழும்பும்போது இரண்டு தோளும் இடுப்பும் இறுகி, தலை சீவக் கை தூக்க முடியவில்லையா? கொழுந்து பறித்த களைப்பு என்று பனடோலோடு விட்டுவிடுகிறோம். ஐம்பது தாண்டியவர்களுக்கு அது பொலிமயால்ஜியா ருமற்றிக்கா என்ற வருத்தமாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீரொயிட் குளிசை கொடுப்பார்கள். பெரும்பாலும் 15 மில்லிகிராமில் தொடக்கம். சில நாளில் நோ பறந்துவிடும். வில்லங்கம் அங்கேதான். மகள் வீட்டுக்கு யாழ்ப்பாணம் போகும் அம்மா, "இப்ப சுகந்தானே" என்று குளிசையை லயத்திலேயே விட்டுவிட்டுப் போவார். பிறகு அங்கே கட்டிலைவிட்டு எழும்ப ஏலாது.

வெளியிலிருந்து மருந்து வருகிறபோது, நமது உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட்டைக் குறைத்துக்கொள்ளும். திரும்பப் பழக மாதங்கள் வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், உயிராபத்துக்கூட வரலாம். ஆகவேதான் 10 மில்லிகிராமுக்கு வந்தபின் மாதம் 1 மில்லிகிராம் வீதமே குறைக்கிறார்கள். ஒன்றிரண்டு வருடம் எடுக்கும், பொறுக்கத்தான் வேண்டும்.

குறைக்கையில் நோ திரும்பினால் நீங்களாகக் கூட்டாதீர்கள். கிளினிக் கொப்பியோடு போங்கள், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையானாலும் சரி. இரத்தம் சோதித்து, முன்பு சுகமாயிருந்த அளவுக்கு டொக்டர் திருப்புவார். சீனி வருத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இக்குளிசை சீனியைக் கூட்டும்.

புதிதாகத் தலையிடி, மெல்லும்போது தாடை நோ, கண் மங்கல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிந்தினால் பார்வை போய்விடும்.